உன் ஆலமரத்துக்கு ஆசிட் வைத்தவன் எழுதுவது

வீடு முழுக்க வினிகர் வாசனை. வாசனை வருவது சமையற்கட்டிலிருந்து இல்லை, பால்கனியிலிருந்து. கிண்ணத்தில் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு மழைத்தண்ணீர், கையில் தேய்ந்துபோன பல் பிரஷ் ஒன்று, மண்ணில் சொட்டாமல் இருக்க அடிமரத்தைச் சுற்றிப் பாலித்தீன் தாள். கல்தொட்டியில் நிற்கிற உன் குட்டி ஆலமரத்தின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பெருவிரல் அகலம்தான். அதற்கு மேல் தேய்ப்பதில்லை. காலையில் தேய்க்கும்போதே என் மனைவி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். "என்ன, மரத்துக்கு ஊறுகா போடுதியளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பதினேழு வருஷமாக இந்தக் கடற்கரையில் குடியிருந்தும் திருநெல்வேலி அவள் வாயை விட்டு இறங்கவில்லை. "தங்கச்சி, இன்னா பேசறேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடும்மா" என்று நீ அவளைச் சீண்டுவாயே, அது ஞாபகம் வந்தது.

அடிமரத்தில் தென்பக்கம், மண்ணிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு வெள்ளையாகப் படிந்திருக்கிறது. வெந்நீர்ப் பானைக்கு உள்ளே படியுமே, அதேதான். உப்புத் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் காற்றோடு போய்விடும், உப்பு பட்டையில் உட்கார்ந்துகொள்ளும். போன கோடையில் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். வண்டி ஓட்டக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் அவள்தான் குழாய்த் தண்ணீரை மொண்டு மொண்டு மரத்தின் தலையிலேயே ஊற்றியிருக்கிறாள். குளிப்பாட்டினால் அதற்குக் குளிர்ச்சி என்று நினைத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் செய்ததோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இன்றைக்கு உட்கார்ந்து எழுதக் காரணம் இந்த வெள்ளைப் படிவு இல்லை. காலையில் ஒன்று நடந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் வாயால் முழுசாக நீ கேட்டதில்லை.

நாம் சந்தித்ததே இந்த மரத்தால்தான். தொண்ணூற்றொன்றில் ஆலையில் எனக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள், முதல் மாடி. சன்ஷேடு விரிசலில் ஓர் ஆலங்கன்று வேர்விட்டிருந்தது. அதை வெட்டி மருந்து ஊற்ற ஆள் வரும் என்றார்கள். அதற்கு முந்தின நாள் நீ கையில் உளியோடு என் வீட்டுக் கதவைத் தட்டினாய். கீழ் வீட்டுக்காரன், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், புதுப்பட்டினத்துக்காரன். இது எதுவுமே அப்போது எனக்குத் தெரியாது. "மச்சான், ஒரு பத்து நிமிஷம். அந்தக் கன்ன வேர் அறுக்காம எட்துகினு பூட்றேன்" என்றாய். அதுவரை நாம் ஒரு வார்த்தை பேசினதில்லை. முன்பின் தெரியாத ஒருவன் மச்சான் என்கிறானே என்று எனக்குச் சுர்ரென்று வந்தது. நான் கெமிஸ்ட், எம்.எஸ்ஸி. படித்தவன், அந்த மாதம்தான் வேலையில் சேர்ந்தவன். இருந்தாலும் ஜன்னல் வழியாக உன்னை இறங்கவிட்டேன். பத்து நிமிஷம் என்றவன் மூன்று மணி நேரம் சன்ஷேடில் குப்புறப் படுத்துக் கிடந்தாய். வேர் ஒன்றுகூட அறவில்லை.

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் காற்றழுத்த மெஷினைச் சரிபண்ணிக் கொடுத்ததற்கு, மூலை உடைந்த ஒரு கருங்கல் தொட்டியை வாங்கி வந்தாய். சாப்பாட்டுத் தட்டை விடச் சற்றே பெரிசு, நான்கு விரல் ஆழம். அதில் மரத்தை வைத்தாய். சுவரிலேயே பல வருஷம் பட்டினி கிடந்து பருத்த அடி அது, மரம் ஒரு முழம்கூட இல்லை. "இத்த பார்த்தா நூறு வயசு கெய்வன் மாரி கீது, ஆனா உசரம் பாரு, தொட்டில் கொழந்த" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் காட்டுவாய்.

கோடையில் நம் பிளாக்குக்குப் போர்த் தண்ணீர் கலந்து வரும். கடலோரத் தண்ணீர், குளித்தால் சோப்பு நுரைக்காது. மூன்று கோடையில் மரத்தின் அடி வெளுத்துவிட்டது. குவார்ட்டர்ஸ் மலர்க் கண்காட்சிக்கு நீ மரத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது, நடுவராக வந்த அம்மாள் அடிமரத்தைத் தொட்டுப் பார்த்து, "பூச்சி வராம இருக்கச் சுண்ணாம்பு அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் திரும்பும்போது அடிமரத்தைத் துண்டால் மூடித் தூக்கி வந்தாய். அன்றிலிருந்து ஈரத் துணியால் அடிமரத்தைச் சுற்றி வைத்து, ஊறினதும் மூங்கில் சிம்பால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவாய். ஒரு மாதத்துக்கு ஒரு அங்குலம் வந்தால் அதிகம். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. "இதுக்குப் போயி இவ்வளவு பாடா? என்கிட்ட விடு, ஒரே நாள்" என்பேன். "நீ வுடு மச்சான், இதோட தோலு மெல்லிசு" என்பாய்.

அடுத்த கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது உன்னை வடக்கே வேறொரு ஊருக்கு வேலைக்கு அனுப்பினார்கள். உன் மனைவி பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போனாள். தொட்டியைத் தூக்கி வந்து என் பால்கனியில் வைத்து, "தண்ணி மட்டும் ஊத்து. வேற ஒண்ணியும் பண்ணாத" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

பண்ணினேன்.

என் வேலையே அதுதானே. ஆலையில் கண்டென்சர் குழாய்களுக்குள் இதே உப்புத்தான் படியும். நீர்த்த ஆசிட்டை ஆறு மணி நேரம் உள்ளே சுற்றவிட்டால் குழாய் பளபளவென்று ஆகிவிடும். நான் எத்தனையோ முறை செய்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் பிசகினதில்லை. நீ திரும்பி வரும்போது மரம் புதுசாக நிற்க வேண்டும், கண்காட்சியில் அந்த அம்மாள் வாயடைத்துப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் மனைவி ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்துக் கடையில் ஆசிட் வாங்கி, குழாய்க்குக் கலக்கிற அதே கணக்கில் கலந்து, பஞ்சில் நனைத்து, வெள்ளை தடித்திருந்த தென்பக்கத்தில் வைத்துத் துணியால் கட்டினேன். புஸ்ஸென்று நுரைத்தது. நுரைத்தால் உப்பு கரைகிறது என்று அர்த்தம். எனக்கு ஒரே சந்தோஷம். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டேன்.

இரும்புக் குழாய் ஆசிட்டைக் குடிக்காது. மரம் குடிக்கும். அந்தச் சின்ன விஷயம் எம்.எஸ்ஸி. படித்தவனுக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் வந்து துணியை அவிழ்த்தபோது வெள்ளை போயிருந்தது. அதோடு பட்டையும் போயிருந்தது. மண்ணிலிருந்து முதல் கிளை வரை இரண்டு விரல் அகலத்துக்கு, வெந்த கத்தரிக்காய்த் தோல் மாதிரி கையோடு வந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நான்கு நாளில் இலை எல்லாம் கொட்டிவிட்டது.

நீ வந்தாய். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மாடி ஏறி வந்து மரத்தின் முன்னால் நின்றாய். "இன்னா மச்சான் ஆச்சு?" என்று கேட்டாய்.

"தண்ணி" என்றேன்.

ஒரு வார்த்தையில் நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் நிறுத்தவில்லை. போர்த் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது, வெளியே தெரிகிற வெள்ளை கொஞ்சம்தான், உள்ளே வேர்வரை இறங்கி எரித்துவிட்டது, இனி இந்தக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் மரம் பிழைக்காது என்று சொன்னேன். தாளை எடுத்து, எந்த உப்பு எப்படிப் படியும், வேரை எப்படி அடைக்கும் என்று படம் போட்டு வேறு காட்டினேன். நீ அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். "நீ சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்" என்றாய். ஆலையின் தண்ணீருக்கே நான்தானே கையெழுத்துப் போடுகிறவன், நீ எப்படி நம்பாமல் இருப்பாய்?

செத்த பட்டையை நீ கத்தியால் எடுத்தாய், சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசினாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பினாய். திருக்கழுக்குன்றத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விவசாயி கிணறு, தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். போக வர இருபத்தைந்து கிலோமீட்டர். அவருடைய மோட்டாருக்கு ஏதாவது கோளாறென்றால் நீ பார்த்துக் கொடுப்பாய், அவர் தண்ணீர் கொடுப்பார். ஒரு வாரம் போனாய், இரண்டு வாரம் போனாய். மரம் துளிர்த்தது. உனக்குத் தலைகால் புரியவில்லை. "மச்சான், உன் டெக்னிக் வேல செய்து" என்று என்னைக் கட்டிப் பிடித்தாய்.

அப்போதே சொல்லியிருக்கலாம். மரம் பிழைத்துவிட்டது, நீ சந்தோஷமாக இருக்கிறாய், இப்போது எதற்கு என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால், நான் பயந்தேன். ஒர்க்‌ஷாப் முழுக்க இதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று பயந்தேன்.

ஆறு வருஷம் நீ தண்ணீர் சுமந்தாய். மழைக்காலத்தில் மொட்டைமாடி மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்வாய். மற்ற மாதமெல்லாம் ஞாயிறு தவறாது. உன் மகளுக்குக் காது குத்தின அன்றைக்குக்கூடப் பந்தியை முடித்துவிட்டுக் கேனைக் கட்டினாய். சைக்கிள் போய் மொபெட் வந்தது, கேன் மாறவில்லை. நல்ல தண்ணீரில் மரம் செழித்து விழுது விட்டது, வெள்ளை என்பதே திரும்ப வரவில்லை. ஒரு வருஷம் கண்காட்சியில் உனக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். மைக்கில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னதற்கு, "இது எங்க மச்சான் குட்த பரிசு, அவரு சொல்லலன்னா இந்த மரம் அன்னிக்கே பூட்ருக்கும்" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். என் வாழ்க்கையிலேயே கேவலமான நிமிஷம் அதுதான். நம் பிளாக்கில் இரண்டு வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, ரோஜாவுக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் உன் இடுப்பு போனது. செங்கல்பட்டில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, டிஸ்க் விலகியிருக்கிறது, ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்றார். நான் கூடத்தான் இருந்தேன். நீ தலையைத் தலையை ஆட்டினாய். அந்த ஞாயிற்றுக்கிழமையே இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மொபெட்டை உதைத்தாய். உன் மனைவி என்னிடம் ஓடி வந்தாள். "நீங்க சொன்னா கேப்பாரு அண்ணா, சொல்லுங்க" என்று அழுதாள். நான் இறங்கி வந்து உன்னிடம், "இப்ப குழாய்த் தண்ணி எவ்வளவோ தேவலை, அதையே ஊத்து, ஒண்ணும் ஆகாது" என்றேன். நீ பர்சை எடுத்தாய். அந்தத் தாள், மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டி, இன்னும் இருந்தது. "ஒரு சொட்டு பட்டாலும் பூடும்னு நீதான எய்தி குட்த? மரம் இன்னா பண்ணும் மச்சான், தண்ணிக்கு அது நடந்து போவுமா?" என்று கேட்டுவிட்டுப் புறப்பட்டாய்.

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. என் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். கிணற்றடியில் கேனை நிரப்பிவிட்டு, தூக்க முடியாமல் வரப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாய். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாய். நான் கேனைப் பிடித்தேன். "வுடு, என் மரம், நான் தூக்கறேன்" என்றாய்.

"தண்ணியில்லடா. நான்தான். ஆசிட் வச்சேன்" என்றேன்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். நீ கத்துவாய், அடிப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ வேலையிடத்தில் விசாரிப்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாய்.

"இன்னா ஆசிட்டு?"

சொன்னேன்.

"எவ்ளோ நேரம்?"

"ஆறு மணி நேரம்."

"கண்டென்சருக்குப் போட்ற மாரியா?"

"அதே கணக்குதான்."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"டியூட்டிக்குப் போயிட்டேன்."

மற்ற எல்லாவற்றையும் விட அந்தக் கடைசிப் பதில்தான் உன்னைக் குத்தியது என்று உன் முகத்தில் தெரிந்தது. இரண்டு கேனையும் அங்கேயே விட்டுவிட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு ரோடு ஏறிவிட்டாய். நான்தான் அவற்றை என் வண்டியில் கட்டி வந்து உன் வாசலில் வைத்தேன். கதவு திறக்கவில்லை.

பத்தொன்பது நாள் நீ என்னோடு பேசவில்லை. எண்ணினேன். கேண்டீனில் நான் உட்கார்ந்த மேஜைக்கு வரமாட்டாய். மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். கேன் உள்ளே போகும், காலியாகி வெளியே வரும். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

இருபதாம் நாள் காலையில் கதவைத் திறந்தால், நீயும் இன்னொரு ஃபிட்டரும் கருங்கல் தொட்டியோடு நிற்கிறீர்கள். மரத்தை என் பால்கனியில் வைத்தீர்கள். அதன் கீழ்க்கிளையில் ஒரு சிவப்பு டேக் கம்பியில் தொங்கியது. ஆலையில் வால்வில் கட்டுவார்களே, அதே மாதிரி. பழைய பெயின்ட் டப்பா மூடியை வட்டமாக வெட்டி, சிவப்படித்து, அதில் வெள்ளையில் நீயே எழுதியிருந்தாய். என் பெயர். வேலை: தண்ணி. கட்டிய தேதி. அதற்குக் கீழே, கழற்றிய தேதி என்று எழுதி, பக்கத்தில் ஒன்றுமில்லை.

"உன் பேரு போட்டுகீது. இத்த நீதான் கயட்டணும். வேற எவனும் கயட்டக் கூடாது, நானும்கூட" என்றாய். அதைச் சொல்லிவிட்டு, "காபி கீதா, ஆசிட்டு?" என்று கேட்டபடி உள்ளே போய் உட்கார்ந்தாய். அன்றிலிருந்து நான் உனக்கு மச்சான் பாதி, ஆசிட்டு பாதி.

இப்போது சொல்கிறேன், அந்த டேக்கைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "இது என்ன சார்?" என்று கேட்பார்கள். என் வீட்டில், என் பெயரை எழுதி, குற்றவாளி கழுத்தில் பலகை மாட்டுவது மாதிரி மாட்டிவிட்டாய் என்று பொருமினேன். ஆனால் கழற்றவில்லை. செய்ததற்கு இது குறைச்சல்தான் என்று வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் என் வேலையானது. நீ பின் சீட்டில் உட்கார்ந்து, "மெல்லப் போ, பள்ளம் கீது" என்று என்னை விரட்டிக்கொண்டு வருவாய். கிணற்றில் நான் மொண்டு ஊற்றுவேன், நீ வரப்பில் உட்கார்ந்து கிணற்றுக்காரரோடு நாஸ்தா சாப்பிடுவாய். உன் இடுப்பு தேறியது. ஒரு நாள் கேட்டேன், "டேய், அந்த டேக்கை எப்பக் கழட்டுறது?"

"வேல முடிஞ்சா."

"எப்ப முடியும்?"

"அத்த வேல செய்றவன்தான் சொல்லணும். என்னிய கேட்டா?"

மன்னித்தேன் என்று நீ சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று நானும் கேட்கவில்லை. நமக்குள் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு வியாழக்கிழமை உனக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் செங்கல்பட்டு போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் உன் மனைவியிடம் மரத்தைக் கொண்டு வந்து தரட்டுமா என்று கேட்டேன். "உங்க பேருதான அண்ணா எய்தி வச்சிட்டுப் போயிகீறாரு? உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். எனக்கு அப்போதும் அது உறுத்தியது. நீ தண்டனையை முடிக்காமலே போய்விட்டாய் என்று தோன்றியது.

இந்த முறை நான் அவசரப்படவில்லை, தெரிந்துகொள். வினிகரை முதலில் நம் மதில் சுவரில் முளைத்திருக்கிற இன்னொரு ஆலங்கன்றின் மேல் தடவி ஒரு மாதம் பார்த்தேன். அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உன் மரத்தைத் தொட்டேன். தடவி, பிரஷால் மெல்லத் தேய்த்து, உடனே நல்ல தண்ணீரால் துடைத்துவிடுகிறேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போவதில்லை. போன் அடித்தாலும் போவதில்லை.

இன்று காலை அப்படி உட்கார்ந்திருந்தபோது ஏகாம்பரம் வந்தார். உன் செட்டில் வேலை பார்த்தவர்தான், ரிட்டையர் ஆகிவிட்டார், இப்போது வீடு வீடாகக் குழாய் வேலை பார்க்கிறார். பால்கனிக் குழாய் அடியில் ஒழுகுகிறது என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். இத்தனை நாளில் அவர் என் வீட்டுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. தொட்டியை நகர்த்தினால்தான் குழாயின் அடி எட்டும். அவர் குனிந்து இரண்டு கையாலும் தொட்டியைப் பிடிக்கப் போனார். டேக்கைப் பார்த்தார். சுட்டது போல இரண்டு கையையும் எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"சார், உள்ள ஆரு கீறாங்க?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். "மரத்துக்குள்ள யாரு இருப்பாங்க ஏகாம்பரம்?"

அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. ஆனாலும் தொட்டியைத் தொடவில்லை. "தப்பா நெனச்சிக்காதீங்க சார். அத்த பாத்தா கை தன்னால நின்னுடுது. இது அண்ணாத்த கையெய்த்து. நாங்க டேங்க்குக்குள்ள எறங்கறப்ப அவர்தான் எங்க பேரு எய்தி வால்வுல கட்டுவாரு. 'உன் பேரு வெளிய கீது, நீ தைரியமா போ'ன்னுவாரு. அது தொங்கற வரிக்கும் எவனும் வால்வைத் தொறக்க முடியாது சார். எங்க உசுருக்குத்தான் அந்தச் சீட்டு. வெளிய வந்து நாங்களே கயட்டிக்கணும்" என்றார்.

இந்த விதி எனக்குத் தெரியாததா? பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறேன், பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன். ஆனால் நான் லேபில் உட்கார்ந்தவன். ஒரு நாளும் இருட்டு டேங்க்குக்குள் இறங்கினதில்லை. என் பெயரை யாரும் எழுதிக் கட்டினதில்லை, நீ கட்டும் வரை. நான் அதில் குற்றத்தை மட்டும் படித்தேன். இவன் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறான், இவன் தானாக வெளியே வரும் வரை யாரும் கை வைக்காதீர்கள் என்று நீ எழுதி வைத்ததை, ஏழு வருஷம் கழித்து ஒரு குழாய்க்காரர் வந்து எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பத்தொன்பது நாள் நீ பேசாமல் இருந்து எடுத்த முடிவு அதுவா? எவ்வளவு பெரிய ஆள் நீ. எனக்கு இது தெரியாமலே உன்னைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு மனசுக்குள் உன்னைத் திட்டியிருக்கிறேனடா.

ஏகாம்பரம் குனிந்து டேக்கில் இருந்த பெயரைப் படித்தார். "நீங்களா சார் உள்ள?"

"ஆமா, நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. "சரி சார், நான் தொடல" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்து, தொட்டி மேல் விரல்கூடப் படாமல் கையை நீட்டிக் குழாயைச் சரிபண்ணினார். அரை மணி வேலை ஒன்றரை மணி நேரம் ஆனது.

அவர் போன பிறகு நான் பிரஷை எடுத்தேன், தேய்க்க முடியவில்லை. என் மனைவி மூன்றாவது தடவை எட்டிப் பார்த்தாள். அந்த ஆசிட் கதை அதுவரை அவளுக்கும் தெரியாது. டேக்கை நீ விளையாட்டுக்குக் கட்டினதாகத்தான் சொல்லி வைத்திருந்தேன்.

"கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. வினிகர் பட்டுட்டோ?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "இல்ல, அழுதேன். உக்காரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.